ஆறாவது கட்டம்

பொன்மலை
7 ஜூலை 2024

அன்புள்ள லூர்து அக்காவுக்கு,

தம்பி பிரிட்டோ எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மதருக்கும் மற்ற சிஸ்டர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் எழுதுகிறவன் ஜூலையில் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன ஞாயிறு பொன்மலைச் சந்தையில் ஒரு டிவி கேம் பெட்டி கிடைத்தது. அப்பா போனஸ் பணத்தில் நமக்கு வாங்கித் தந்தாரே, அதே மாடல். பழைய மிக்ஸி ஜாருக்கும் இரும்புக் கரண்டிக்கும் நடுவில் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு கம்பியைப் பற்றவைத்தேன், உயிர் வந்துவிட்டது. ஆனால் ஒரு கேசட்கூட இல்லை. இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் கைவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரும் இதற்கு விளையாட்டு எழுதுவதில்லை.

அதனால் நானே ஒன்று எழுதப் போகிறேன். விண்கலச் சண்டை. கீழே நம் கப்பல், மேலிருந்து எதிரிகள். ஒர்க்ஷாப்பில் பகலெல்லாம் ரயில் பெட்டியின் மின்சாரப் பலகைகளைச் சரிசெய்கிறவனுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்றுதான் ஆரம்பித்தேன். கப்பல் நகர்கிறது, சுடுகிறது. ஆனால் எதிரிகள் எப்படி வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே மாட்டேன் என்கிறது. நான் வரவைத்தால் ரேஷன் கடைக் கியூ மாதிரி வருகிறார்கள். நம் இருவரில் நன்றாக ஆடியவள் நீதான். நீங்கள் மடத்தைவிட்டு வெளியே வருவதில்லை, அங்கே டிவியும் இல்லை, போனும் இல்லை என்று தெரியும். ஞாபகத்தில் இருப்பதை எழுதினால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் இரண்டாம் வருஷ நினைவுப் பூசைக்கு மாதா கோவிலில் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி,
பிரிட்டோ


மரியே வாழ்க

தியான மடம், கொடைக்கானல்
28 ஜூலை 2024

ஆண்டவருக்குள் அன்பான தம்பி பிரிட்டோவுக்கு,

இறைவன் அருளால் நலம். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சமாதானமாகிவிட்டன. உனக்கு ரத்த அழுத்தம் பார்த்தாயா? அப்பாவுக்கு நாற்பதில்தான் ஆரம்பித்தது.

எங்களுக்கு வரும் கடிதங்களை மதர்தான் முதலில் படிப்பார்கள், உனக்குத் தெரியும். மதர் சகாயராணி என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், டிவி கேம்னா என்ன?" என்றார்கள். சிற்றாலய பெஞ்சுகளைக் காட்டி, "இந்த வரிசையெல்லாம் நம்மள நோக்கி வரும் மதர், நாம சுடணும்" என்றேன். மதர் கொஞ்ச நேரம் பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "எத்தனை பெஞ்சு?" என்றார்கள். மடத்துக்கு வருமுன் அவர்கள் கணக்கு டீச்சர்.

குருக்களின் பூசை உடுப்புகளுக்கு நாங்கள் பூவேலை செய்கிறோம் அல்லவா, அதற்குக் கட்டம் போட்ட காகிதம் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் அதில் வரைந்திருக்கிறேன். ஒரு சதுரம் ஒரு எதிரி. முதல் தாள் ஒன்றாம் நொடி, அடுத்தது இரண்டாம் நொடி, இப்படியே. எல்லோரும் நேராக வரக்கூடாது தம்பி. ஒருவன் தயங்க வேண்டும். ஆடுகிறவன் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவன் பக்கத்தில் வந்துவிட வேண்டும்.

நேரத்துக்குத் தூங்கு.

செபத்தில் உன்னை மறவாத,
அக்கா லூர்து


பொன்மலை
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்றார்கள்.

உன் தாள்களைப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தயங்குகிறவன் என்னை மூன்று முறை கொன்றுவிட்டான்! ஆனால் ஒரு சிக்கல். நீ ஒரே வரிசையில் ஒன்பது கப்பல் வரைந்திருக்கிறாய். இந்தப் பெட்டியால் ஒரு வரிசையில் எட்டு உருவத்தைத்தான் காட்ட முடியும். ஒன்பதாவது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தெரியாமலே வந்து மோதும். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஒவ்வொரு இமைப்புக்கும் வேறு வேறு கப்பலை மறைத்தால், எல்லாம் லேசாக மினுங்கும், ஒன்றும் காணாமல் போகாது. அப்படியே செய்துவிட்டேன். முழு விளையாட்டும் நாற்பது கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் நூறில் ஒரு பங்கு. பழைய தகர டப்பாவுக்குள் குடித்தனம் வைப்பது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ரயில்வே மனமகிழ் மன்றத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். எங்கள் ஒர்க்ஷாப் ஆட்கள் ஆறு பேர் ஆடினார்கள். விக்டர் பதினொரு நொடி தாக்குப்பிடித்தான், அதுதான் சாதனை. அப்போது பானு என்று ஒருவர் லைப்ரரிப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தார். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். "நான் ஒரு தடவை பாக்கலாமா?" என்று உட்கார்ந்த பானு, ஒரே மூச்சில் முதல் கட்டத்தை முடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். டிக்கெட் அடிக்கிற விரல் அக்கா, சும்மாவா. இனி ஞாயிறுதோறும் பானு சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் கட்டம் கஷ்டமாக இருக்க வேண்டும் என்று பானு கேட்டுக்கொண்டார்.

மதருக்கு என் வணக்கம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரிட்டோ


மரியே வாழ்க

தியான மடம், கொடைக்கானல்
22 செப்டம்பர் 2024

அன்பான தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஒரு வாரமாக மழை. துணி எதுவும் காயவில்லை.

இரண்டு முதல் நான்கு வரை கட்டங்கள் இத்துடன் இருக்கின்றன. நான்காம் கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பது மதர். "இது தப்ப முடியாதது. இரண்டாம் வரிசையை அரை நொடி தாமதிக்கவும்." நான் சரிபார்த்தேன், அவர்கள் சொல்வதுதான் சரி. எங்களில் மூத்த சிஸ்டர் ஒருவருக்கு எண்பத்தொரு வயது. எதிரிகளும் பாவம்தானே, ஒருவனாவது தப்பிப் போகட்டும் என்றார்கள். மூன்றாம் கட்டத்தில் வலது ஓரமாக ஒருவன் சும்மா வந்து சும்மா போவான். அவனைச் சுட்டால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடு.

உன் கடிதத்தில் பானு என்ற பெயர் நான்கு முறை வருகிறது. என் உடம்பு ஒரே முறை வருகிறது. குறையாகச் சொல்லவில்லை, எண்ணினேன், அவ்வளவுதான்.

செபத்துடன்,
லூர்து


பொன்மலை
27 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். (முதலிலேயே எழுதிவிட்டேன், எண்ணிக்கொள்.)

நான்கு கட்டமும் ஓடுகிறது. மூத்த சிஸ்டரின் ஆளை விக்டர் எப்போதும் சுட்டுவிடுகிறான், மதிப்பெண் குறைந்ததும் என்னைத் திட்டுகிறான். வெடிச்சத்தம் சரியாக வரவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருந்தது. முக்கொம்பு அணையின் மதகைத் திறக்கும்போது வருகிற இரைச்சலில் ஒரு துளியை வெட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. என் யோசனை இல்லை. நாங்கள் சிலர் போன ஞாயிறு முக்கொம்பு போய்ப் பதிவுசெய்து வந்தோம். பெட்டியால் அதை அப்படியே ஒலிக்க முடியாது. ஆனால் கேட்டுக் கேட்டு அதைப்போலவே ஒரு சத்தம் செய்துவிட்டேன். இப்போது கப்பல் வெடித்தால் நெஞ்சில் அதிர்கிறது.

அணைப் பூங்காவில் கூட்டம். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் சில்லறை இல்லை என்றார், இரண்டு ஐஸ்கிரீமுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் வேறு என்ன சொல்வார். வெயில் நன்றாக இருந்தது.

ஐந்தாம் கட்டம் எப்போது வரும்?

பிரிட்டோ


மரியே வாழ்க

தியான மடம், கொடைக்கானல்
17 நவம்பர் 2024

அன்பான தம்பிக்கு,

தைலம் வந்தது, நன்றி. எண்ணிக்கொண்டேன்.

ஐந்தாம் கட்டம் இத்துடன். நாங்கள் சிலர் என்று எழுதியிருக்கிறாய், ஐஸ்கிரீம் இரண்டுதான். அம்மா இருந்தால் நேராகக் கேட்டிருப்பாள். இல்லாததால் நான் கேட்கிறேன். பானு யார்? எந்தக் குடும்பம்? நீ நாற்பது வயதுக்காரன், உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் ஒரு காரியத்தில் இறங்குமுன் நாலையும் யோசிக்க வேண்டும். பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார். அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே.

உன் நன்மைக்காக எழுதுகிறேன்.

லூர்து


பொன்மலை
24 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நலம்.

கேட்டதற்குப் பதில். பானு ஸ்ரீரங்கத்துப் பெண். இந்து. கல்யாணமாகி விவாகரத்து ஆனவர், ஒருமுறை உடைந்தவர். அம்மாவோடு இருக்கிறார். போதுமா?

நாலையும் யோசிக்க வேண்டும் என்கிறாய். நீ மடத்துக்குப் போனபோது என்னோடு யோசித்தாயா? அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், பக்கத்து குவார்ட்டர்ஸ் லிசி ஆன்ட்டிக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் காலையில் எழுந்து அக்கா எங்கே என்று கேட்டால், "பஸ் ஏறிட்டாடா" என்றார்கள். அப்பா இறந்தபோது சவப்பெட்டிக்கு முன்னால் நான் தனியாக நடந்தேன். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த ஆறு வருஷமும் நான்தான் குளிப்பாட்டினேன். அதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது, நாற்பது வயதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். அதற்கு நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ஐந்தாம் கட்டம் வந்து சேர்ந்தது.

பிரிட்டோ


பொன்மலை
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நலமா? மதர் என் கடிதத்தைப் படித்திருப்பார்கள் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை இப்படிச் சுட்டிருக்க வேண்டாம். பானுவிடம் சொன்னேன். "இருக்கறது ஒரே அக்கா. அவங்ககிட்ட போய் கணக்கு தீக்கறீங்களே?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு ஆடாமலே கிளம்பிப் போய்விட்டார். நான் பெட்டியை எடுத்து பீரோவுக்கு மேலே வைத்துவிட்டேன். இனி எழுதத் தோன்றவில்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

பிரிட்டோ


மரியே வாழ்க

தியான மடம், கொடைக்கானல்
26 டிசம்பர் 2024

என் அன்பான தம்பி பிரிட்டோவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். சுகமாக இருக்கிறேன், முதலில் அதை நம்பு.

மக்கு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முழுவதும் நாங்கள் கடிதம் எழுதக்கூடாது என்பது இருபத்தேழு வருஷமாக உனக்குத் தெரியுமே! உன் முதல் கடிதம் கிடைத்தது நவம்பர் முப்பது மாலை. மறுநாளிலிருந்து மௌனம். மதர் அதைக் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தைந்து நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு பூவேலை செய்தேன். உன் இரண்டாவது கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நீயும் இதுவரை கேட்டதில்லை. அப்பா கோபப்படுவார், தாங்கிக்கொள்ளலாம். அம்மா அழுவாள், அதையும் தாங்கலாம். நீ மட்டும்தான் "எப்ப வருவ?" என்று கேட்டிருப்பாய். கேட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அதனால் உன்னைத் தூங்கவிட்டுவிட்டுக் கிளம்பினேன். தைரியசாலி என்று ஊரெல்லாம் சொன்னார்கள். உன் விஷயத்தில் நான் கோழைதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீ செய்தது நான் செய்திருக்க வேண்டியது. மன்னித்துவிடு தம்பி.

பானுவைப் பற்றி உடைந்தவர் என்று இனி ஒருபோதும் எழுதாதே. பாத்திரமா அவர்? நான் பங்குச் சாமியாரும் இல்லை, பானு எந்தக் கோவிலுக்குப் போகிறார் என்று விசாரிக்கிறவளும் இல்லை. உன் அக்கா. எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். விளையாட்டில் தோற்றால் அவர் என்ன செய்வார்?

ஆறாவது கட்டம் இத்துடன். இதுதான் கடைசி. இதில் எதிரிகள் சுடுவதே இல்லை, வட்டமாகச் சுற்றி நெருங்கி வருவார்கள். நாம் ஒருவனைச் சுட்டால் அவன் இருவராவான். பெட்டியைக் கீழே இறக்கு.

பாசத்துடன்,
அக்கா


பொன்மலை
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பல வருஷத்துக்குப் பிறகு உண்மையாகவே இந்த வார்த்தையை எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒர்க்ஷாப்புக்கு அரைநாள் லீவு போட்டேன்.

தோற்றால் பானு மேஜையைத் தட்டி, "இன்னொரு தடவை போடுங்க" என்பார். விக்டர் மாதிரி ஜாய்ஸ்டிக்கைக் குறை சொல்ல மாட்டார்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் தாங்காத கூட்டம். நான்கு நாள் பானு கவுண்டரை விட்டு எழவில்லை. கூட்டம் வடிந்த மத்தியானம் காபி வாங்கிக்கொண்டு போனேன். பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். பானு காபியைக் கீழே வைத்தார்.

"உங்க அக்கா என்ன சொன்னாங்க?" என்றார். உன் கடிதத்தை அப்படியே கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இதுவரை திருப்பித் தரவில்லை.

"ஆறாவது கட்டத்தை முடிச்சுட்டுச் சொல்றேன்" என்றார்.

அக்கா, அந்தக் கட்டத்தை எழுதிய என்னாலேயே முடிக்க முடியவில்லை! கொஞ்சம் எளிதாக்கிவிடட்டுமா? பானுவுக்குத் தெரியவா போகிறது?

பதறிக்கொண்டிருக்கும் உன் தம்பி,
பிரிட்டோ

பி.கு. மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது, உன் பதில் என்று நினைத்தேன். "தொடாதே" என்ற ஒரே வார்த்தைக்கு ஒரு தபால்தலை வீண் என்று எழுத உட்கார்ந்தபோதுதான், இந்தக் கடிதத்தை நான் இன்னும் அனுப்பவே இல்லை என்று தெரிகிறது. உன் போன கடிதத்தின் உறைக்குள் மதர் சிவப்பு மையில் எழுதித் தனியாக வைத்த சீட்டு அது! நான் இதைக் கேட்பேன் என்று முன்னாலேயே அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?


ஸ்ரீரங்கம்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பானு எழுதுகிறேன். அக்கா என்று எழுதலாமா என்று இவரைக் கேட்டேன். "அது உங்க இஷ்டம்" என்றார். எழுதிவிட்டேன். இங்கு நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஈஸ்டர் முடிந்தபின்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று இவர் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

போன ஞாயிறு ஆறாவது கட்டத்தை முடித்தேன். மூன்று மாதம் ஆயிற்று. சுடாமல் இருப்பதுதான் வழி என்று முதல் வாரமே புரிந்துவிட்டது. ஆனால் வட்டம் நெருங்கும்போது விரல் தானாகப் பொத்தானை அழுத்திவிடும். பயம்தான். அன்றைக்கு ஜாய்ஸ்டிக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு இடது ஓரமாக மேலே ஏறினேன். இடைவெளி இருந்தது. வெளியே வந்துவிட்டேன். மன்றத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். இவர் மட்டும் முகம் வெளுத்துப்போய் நின்றார். "முடிச்சாச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு என்னென்ன பேப்பர் வேணும்?" என்றேன். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டம் ஒரு சாக்கு. முதல் கல்யாணத்துக்கு என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே சம்மதம் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். இந்தத் தடவை எனக்கு நாள் வேண்டும் என்று இருந்தது. யாரிடமும் காரணம் சொல்லாமல் மூன்று மாதம் யோசிக்க உங்கள் ஆறாவது கட்டம் இடம் கொடுத்தது. இவர் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "அவர் காரம் சாப்பிடுவாரா?" என்று கேட்டாள்.

மே 24, நீங்கள் துறவற வாக்கு எடுத்த வெள்ளிவிழாவுக்கு இருவரும் வருகிறோம். மதர் அனுமதித்தால் பெட்டியும் வரும்.

அன்புடன்,
பானு


மரியே வாழ்க

தியான மடம், கொடைக்கானல்
8 ஜூன் 2025

என் அன்பான தம்பிக்கும் பானுவுக்கும்,

எல்லோரும் சுகம். நீங்கள் இருவரும் பத்திரமாகத் திருச்சி போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. பானு, மலைப்பாதையில் தலைசுற்றியதாக அவன் எழுதியிருக்கிறான். இனி உன் உடம்பைப் பற்றி நீயே எழுது. அவன் எல்லாவற்றுக்கும் நலம் என்றுதான் எழுதுவான்.

சந்திப்பறையில் அத்தனை சத்தம் இதற்குமுன் கேட்டதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் கொண்டுவந்த டிவி, இந்தப் பக்கம் பன்னிரண்டு பேர், கம்பிக்கு நடுவில் ஜாய்ஸ்டிக் வயர். நான் முதல் கட்டத்திலேயே செத்தேன். நானே வரைந்த அந்தத் தயங்குகிறவன்தான் கொன்றான். மதர் மூன்றாம் கட்டம் வரை போனார்கள். அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அடக்கத்தோடுதான், ஆனால் தினமும்.

பிறகு, தம்பி, நீயும் நானும் சேர்ந்து ஆடினோம். என் மூன்று உயிரும் போய்விட்டது. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கப் போனேன். அப்போது நீ ஏதோ பொத்தானை அழுத்தினாய். உன் கணக்கில் ஒரு உயிர் குறைந்தது, என் கப்பல் திரும்ப வந்து நின்றது. அந்தப் பொத்தான் நான் வரைந்த எந்தத் தாளிலும் இல்லை. நீயாக எழுதிச் சேர்த்தது. நீ என் பக்கம் திரும்பவில்லை. "ஆடுக்கா, ஆடு" என்றாய். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் அழுதிருப்பேன். அதனால் இங்கே எழுதுகிறேன்: பார்த்தேன் தம்பி.

வரும் 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து என்று எழுதியிருக்கிறாய். என்னால் வர முடியாது. எல்லாவற்றையும் எழுதுங்கள். பானு என்ன நிறப் புடவை, அவள் அம்மா என்ன பேசினார்கள், விக்டர் எத்தனை முறை சாப்பிட்டான், யார் கை நடுங்கியது. ஒன்றும் விடாதீர்கள்.

பூசைக்கான அப்பம் சுடுவது இந்த மாதம் என் முறை. பதினொரு மணிக்கு நான் அடுப்பின் முன்னால்தான் நிற்பேன். அன்றைக்கு முதல் ஈடு முழுவதும் கருகத்தான் போகிறது என்று மதர் இப்போதே சொல்லிவிட்டார்கள். அதற்காக மாவு கூடுதலாகக் கரைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் இருவருக்கும் என் ஆசி,
அக்கா லூர்து